லட்சம் கிமீ தாண்டுன செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸ் ஆயில் மாத்தலாமா கூடாதா, அறிகுறிய வச்சு முடிவு பண்றது எப்படி

"பழைய ஆட்டோமேட்டிக்ல ஆயில மாத்திடாதீங்க சார், மாத்துனா கியர்பாக்ஸ் உக்காந்துடும்." செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்குன எல்லாருமே ஏதோ ஒரு மெக்கானிக் வாயால இத கேட்டிருப்பீங்க. சொல்றவரு பொய் சொல்லல, கண்ணால பாத்ததத் தான் சொல்றாரு, ஆனா காரணம் தான் தலைகீழா போயிடுது. நம்ம ஊர்ல வண்டி நல்லா ஓடுற வரைக்கும் அந்த ஆயில யாரும் திரும்பிக்கூட பாக்குறதில்ல, 1,20,000 கிமீ 1,50,000 கிமீ ஓடி கியர் வழுக்க ஆரம்பிச்ச அப்புறம் தான் சரி ஆயில் மாத்திப் பாப்போம்னு ஒர்க்‌ஷாப்புக்கு போறோம், அந்த நேரத்துல உள்ள கிளட்ச் பிளேட் எல்லாம் ஏற்கனவே தேஞ்சு முடிஞ்சிருக்கும், புது ஆயில் ஊத்தி பத்து நாள்ல வண்டி நின்னுடும், பழி பூரா புது ஆயில் மேல விழுந்துடும்.

அதனால ஆயில வாங்குறதுக்கு முன்னாடி அறிகுறிய பாருங்க. ஆயில் மாத்துனா சரியாகுறது எது, மாத்துனாலும் ஆகாதது எது, ஆயிலுக்கு சம்பந்தமே இல்லாதது எது, இந்த மூணையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாலே பாதி பணம் மிச்சம்.

மொதல்ல, உங்க வண்டில இருக்குறது எந்த ஆட்டோமேட்டிக்?

இத தெரியாம ஒரு அடி கூட நகராதீங்க. கிளட்ச் பெடல் இல்லைன்னா எல்லாமே ஒரே ஆட்டோமேட்டிக் கிடையாது. செலெரியோ, வேகன் ஆர், க்விட், டியாகோ இதுல எல்லாம் வர்றது பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ் தான், கிளட்ச்ச மிதிக்கிற வேலையையும் கியர் போடுற வேலையையும் ஒரு மெஷின் பண்ணுது. அதுக்குள்ள இருக்குறது மேனுவல் கியர் ஆயில், ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக்குக்குன்னு வர்ற கியர்பாக்ஸ் ஆயில்) கிடையாது, அந்த வண்டி வழுக்குச்சுன்னா கிளட்ச் பிளேட்ட பாக்கணும். சிவிடின்னா, அதாவது தனித்தனி கியருக்கு பதிலா பெல்ட்டும் புல்லியும் வச்சு ஓடுறதுன்னா, அதுக்குன்னே தனி ஆயில், நிசான்ல என்எஸ்-2 என்எஸ்-3, ஹோண்டாவுல பழசுக்கு எச்எம்எம்எஃப் புதுசுக்கு எச்சிஎஃப்-2. ஃபோக்ஸ்வாகன் ஸ்கோடால வர்ற 7 ஸ்பீட் டிரை கிளட்ச் டிஎஸ்ஜின்னா (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) கியருக்கு ஒரு ஆயில், கியர மாத்துற கன்ட்ரோல் பாகமான மெக்கட்ரானிக்குக்கு ஒரு ஆயில்னு ரெண்டு தனித்தனி அறை, அத வீட்டு வாசல்ல வச்சு நோண்டாதீங்க.

நான் இங்க பேசப்போறது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியா இணைக்கிற பாகம்) வச்ச பழைய ஆட்டோமேட்டிக் பத்தி. 2006ல இருந்து இங்க ஓடுற ஹோண்டா சிவிக் 5 ஸ்பீட், 2008ல வந்த சிட்டி 5 ஸ்பீட், பழைய ஹூண்டாய் 4 ஸ்பீட், பழைய 4 ஸ்பீட் ஆல்டிஸ், இன்னோவா கிரிஸ்டா, இந்த ரகம். இதுல ஆயில் தான் எல்லாமே. இன்ஜின்ல இருந்து சக்கரத்துக்கு பவர கடத்துறது, வால்வு பாடிக்குள்ள (ஆயில எந்த கிளட்ச்சுக்கு அனுப்பணும்னு பிரிச்சு விடுற பாகம்) பிரஷர் குடுத்து கிளட்ச்ச பிடிக்க வைக்கிறது, உள்ள வர்ற சூட்ட ரேடியேட்டருக்கு தூக்கிட்டுப் போறது எல்லாம் அதே ஆயில் தான். இவ்வளவு வேலை பாக்குற ஆயில் லட்சம் கிமீ ஓடியும் அப்படியே இருக்கும்னு நம்புறது நியாயமே இல்ல. "லைஃப்டைம் ஆயில்"னு மேனுவல்ல போட்டிருக்கே அப்படின்னு கேப்பீங்க. பிஎம்டபிள்யூவுக்கு எல்லாம் கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்குற இசட்எஃப் கம்பெனியே தன்னோட கியர்பாக்ஸுக்கு 80,000ல இருந்து 1,20,000 கிமீக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல ஆயில மாத்தச் சொல்லுது. சென்னை வெயில்ல, கத்திப்பாராவுல அரை மணி நேரம் ஊர்ந்து போற வண்டிக்கு அதுக்கும் முன்னாடியே மாத்தணும்ங்கிறது என் கருத்து.

ரெண்டாவது, டிப்ஸ்டிக்கும் டிஷ்யூ பேப்பரும்

எந்த அறிகுறியா இருந்தாலும் இந்த ஒரு செக்க பண்ணிட்டு தான் மேல போகணும். லெவல் பாக்குற முறை வண்டிக்கு வண்டி மாறும், இதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஹோண்டாவுல வண்டிய நல்லா சூடாக்கி, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவ ஓடி நின்ன அப்புறம், சமதளத்துல நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒரு நிமிஷத்துல இருந்து ஒன்றரை நிமிஷத்துக்குள்ள டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற குச்சி) எடுத்துப் பாக்கணும். டிப்ஸ்டிக் இருக்குற பழைய டொயோட்டா, ஹூண்டாய்ல அப்படி இல்ல, இன்ஜின் ஓடிட்டே இருக்கணும், பிரேக்க மிதிச்சுட்டு எல்லா கியரையும் ஒரு சுத்து போட்டுட்டு வந்து சூடா இருக்கும்போது பாக்கணும். ஹோண்டாவ ஓடவிட்டு பாத்தாலும் தப்பு லெவல் காட்டும், டொயோட்டாவ ஆஃப் பண்ணிப் பாத்தாலும் தப்பு லெவல் காட்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத புது மாடல்னா கீழ இருக்குற ஓவர்ஃப்ளோ பிளக் வழியா, ஆயிலோட டெம்பரேச்சர் 40 டிகிரிய ஒட்டி இருக்கும்போது பாக்குற முறை, உங்க மாடலுக்கு எந்த டிகிரின்னு சர்வீஸ் மேனுவல்ல தெளிவா இருக்கும், அந்த டெம்பரேச்சர படிக்க ஸ்கேனர் வேணும்.

டிப்ஸ்டிக்ல இருக்குற ஆயில ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல ரெண்டு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க. சிவப்பாவோ லேசான பழுப்பாவோ இருந்து சுத்தி நல்லா விரிஞ்சு பரவுச்சுன்னா ஆயில்ல இன்னும் உயிர் இருக்கு. நல்ல பழுப்பா இருந்து கொஞ்சமா பரவுச்சுன்னா மாத்த வேண்டிய நேரம். கருப்பா நடுவுல திட்டா அப்படியே நின்னு, அதுல தூள் தூளா ஏதாவது தெரிஞ்சு, மூக்குக்கிட்ட கொண்டு போனா கருகுன வாடை அடிச்சுதுன்னா உள்ள கிளட்ச் எரிஞ்சிட்டு இருக்கு. கலர மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, சில ஆயில் சீக்கிரமே கருத்துடும் ஆனா வேலை பாக்கும். வாடையும் தூளும் தான் நம்பகமான சாட்சி.

"டி போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு தான் இழுக்குது"

காலைல மொத தடவ மட்டும் இப்படி, அப்புறம் நாள் பூரா நல்லா இருக்குன்னா மொதல்ல லெவல். ஆயில் கம்மியா இருந்தா பம்ப் காத்தையும் சேத்து உறிஞ்சும், பிரஷர் ஏற நேரமாகும். லெவல் கம்மின்னா ஆயில் எங்கேயோ போயிருக்குன்னு அர்த்தம், அது தானா குறையாது, ஆக்சில் சீல், கூலர் ஹோஸ் ரெண்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. லெவல் சரியா இருந்தும் தாமதம்னா உள்ள ரப்பர் சீல் எல்லாம் வயசாகி கெட்டியாயிருக்கலாம். ஆயில் பழசா இருந்தா மாத்திப் பாருங்க, நிறைய வண்டில இந்த தாமதம் குறையும், முழுசா போகும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. சூடான அப்புறமும் ஒவ்வொரு தடவையும் தாமதம், அதுவும் ரிவர்ஸ்ல மட்டும் அதிகமா இருக்குன்னா அந்த கிளட்ச் செட்டே தேய்மானம், ஆயிலால ஆகுறது ஒன்னும் இல்ல.

வண்டி வாங்கப் போறவங்களுக்கு ஒன்னு: இந்த அறிகுறி வண்டி ஜில்லுனு இருக்கும்போது தான் மாட்டும். நீங்க போறதுக்கு முன்னாடியே வண்டிய ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருப்பாங்க, போனதும் பானெட்ல கைய வச்சுப் பாருங்க, சூடா இருந்தா நாளைக்கு காலைல வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

"50ல இருந்து 70 வரைக்கும் சீரா போகும்போது ஒரு நடுக்கம்"

இது தான் நான் ரொம்ப நேரம் பேச ஆசைப்படுற அறிகுறி, ஏன்னா இதுல தான் ஆயில் மாத்துறது நிஜமாவே மருந்து. ஓஎம்ஆர்ல லேசா ஆக்சிலேட்டர் வச்சு ஒரே வேகத்துல போயிட்டு இருக்கும்போது ரோட்டுல வரிசையா சின்ன ஸ்பீட் பிரேக்கர் போட்டிருக்காங்களோன்னு தோணுற அளவுக்கு ஒரு படபடப்பு, ரெண்டு மூணு செகண்ட் இருக்கும், கால எடுத்தா நின்னுடும், திரும்ப வச்சா வரும். ஆர்பிஎம் முள்ள பாத்தா லேசா மேல கீழ ஆடும். ஜட்டர்னு சொல்லுவாங்க. டார்க் கன்வெர்ட்டருக்குள்ள லாக்-அப் கிளட்ச்னு ஒன்னு இருக்கு, சீரான வேகத்துல போகும்போது மைலேஜுக்காக அது பிடிச்சுக்கும். பிடிக்கும்போது வழுக்கி-பிடிச்சு-வழுக்காம மென்மையா உக்காரணும்னா ஆயில்ல ஃப்ரிக்ஷன் மாடிஃபயர்னு சில கெமிக்கல் இருக்கணும், சூட்டுலயும் வயசுலயும் மொதல்ல தீர்ந்து போறது அந்த கெமிக்கல் தான். புது ஆயில் ஊத்துனா அது திரும்ப கிடைக்குது, அதனால தான் நிறைய வண்டில ரெண்டாவது தடவ மாத்தும்போதே நடுக்கம் காணாம போயிடுது.

ஆனா இதே மாதிரி நடுக்கத்த இன்ஜின் மிஸ்ஃபயரும் (சிலிண்டர்ல எரிபொருள் சரியா எரியாம போறது) குடுக்கும், இக்னிஷன் காயில் ஒன்னு போயிருந்தா போதும், இத தெரியாம ஆயிலுக்கும் காசு காயிலுக்கும் காசுன்னு ரெண்டு செலவு பண்ணவங்கள நான் பாத்திருக்கேன். பிரிச்சுப் பாக்குற வழி இதுதான். நடுக்கம் வண்டி நல்லா சூடான அப்புறம் மட்டும், சீரான வேகத்துல, லேசா கால் வச்சிருக்கும்போது மட்டும் வருதா? லாக்-அப் பக்கம் தான் சந்தேகம். பின்னாடி யாரும் வராத காலி ரோட்டுல நடுக்கம் வரும்போது பிரேக் பெடல பிரேக் லைட் எரியுற அளவுக்கு மட்டும் லேசா தொடுங்க, அந்த நொடியே லாக்-அப் விட்டுடும், நடுக்கமும் சேந்து நின்னுதுன்னா கிட்டத்தட்ட உறுதி. ஏத்தத்துல அழுத்தி மிதிக்கும்போது இன்னும் அதிகமாகுது, செக் இன்ஜின் லைட் மினுக்குதுன்னா அது மிஸ்ஃபயர், பிளக்கையும் காயிலையும் பாருங்க. வண்டியோட கோளாறு கோட படிக்கிற சின்ன ஓபிடி ஸ்கேனர் இருந்தா வேலை இன்னும் சுலபம், பி0300ல இருந்து பி0304 வரைக்கும் வந்தா மிஸ்ஃபயர், பி0741 வந்தா லாக்-அப் சரியா பிடிக்கல. பி0741 வந்துட்டா ஆயில் மட்டும் இல்லாம சோலனாய்டையும் (ஆயில் வழிய திறந்து மூடுற மின்சார வால்வு) செக் பண்ணச் சொல்லுங்க.

பழைய சிட்டி இசட்எக்ஸ் சிவிடி வச்சிருக்கவங்களுக்கு வர்ற நடுக்கம் வேற. நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது தான் அது வரும், ஸ்டார்ட் கிளட்ச் சம்பந்தப்பட்டது. அதுக்கும் ஆயில் மாத்துறது தான் மொத சிகிச்சை, ஆனா எச்எம்எம்எஃப் மட்டும் தான், வேற எதையும் ஊத்திடாதீங்க.

"ரேஸ் ஆகுது, வண்டி போகல"

மிதிச்சா ஆர்பிஎம் 3,000, 4,000னு ஏறுது, ஸ்பீடோமீட்டர் மட்டும் சும்மா நிக்குது. இல்லன்னா ரெண்டுல இருந்து மூணு மாறும்போது நடுவுல நியூட்ரல் விழுந்துட்டு திரும்ப பிடிக்குது. இங்க நிதானம் வேணும். லெவல் கம்மியா இருந்து, ஆயில் நிறம் வாடை எல்லாம் நல்லா இருந்தா சரியான ஆயில டாப் அப் பண்ணுங்க, வளைவுல திரும்பும்போதும் ஏத்தத்துலயும் மட்டும் வழுக்குறதுக்கு இதுவே காரணமா இருக்கலாம், லீக்க அடைச்சா தப்பிச்சீங்க.

லெவல் சரி, ஆயில் கருப்பு, கருகுன வாடை, டிஷ்யூல தூள், வண்டி வழுக்குது, பி0730 வரிசையில கியர் ரேஷியோ கோடும் நிக்குதுன்னா ஆயில் மாத்துற காச செலவு பண்ணாதீங்க. மாத்துனா கெட்டுப்போயிடும்னு சொல்லல, ஏற்கனவே கெட்டது திரும்பாதுன்னு சொல்றேன். கிளட்ச் பிளேட்ல இருந்த லைனிங் தான் தூளா ஆயில்ல மிதக்குது, அத எந்த ஆயிலும் திரும்ப ஒட்டி வைக்காது. அந்தப் பணத்த ஓவர்ஹாலுக்கு (கியர்பாக்ஸ பிரிச்சு தேஞ்சத எல்லாம் மாத்துறது) எடுத்து வைங்க, இல்ல நிலவரத்த மறைக்காம சொல்லி வண்டிய வித்துடுங்க. பாட்டில்ல வர்ற "ஸ்லிப் நிக்கும்" மருந்து எல்லாம் வாங்காதீங்க, சீல உப்ப வைக்கிற கெமிக்கல் அதுல இருக்கும், நாலு மாசம் ஓடும், பின்னாடி ஓவர்ஹால் பண்றப்ப செலவு கூடும்.

"கியர் மாறும்போது இடிக்குது"

ஆயில் காரணமா இருக்கலாம், ஆனா மொத சந்தேகத்த வெளிய இருக்குறது மேல வைங்க. ஹோண்டாவுல கியர்பாக்ஸுக்கு வெளியவே மாட்டியிருக்குற பிரஷர் ஸ்விட்ச் வயசானா மாறுறது முரட்டுத்தனமாகும், டேஷ்போர்டுல டி லைட் மினுக்கும், அத கழட்டி மாட்டுறது பெரிய வேலை இல்ல, கியர்பாக்ஸ இறக்கவே தேவையில்ல. ஆயில் மாத்தும்போது சேத்து மாத்திடலாம். அதே மாதிரி பேட்டரி கழட்டி மாட்டுன கையோட இடிச்சா கம்ப்யூட்டர் பழகுனத மறந்திருக்கு, கொஞ்ச தூரம் நிதானமா ஓட்டுனா சரியாயிடும்.

"சிக்னல்ல டி-ல நிக்கும்போது ஸ்டியரிங் அதிருது, என்-ல போட்டா நின்னுடுது"

காரணம் இன்ஜின் மவுன்ட், அதாவது இன்ஜின தாங்குற ரப்பர். ஏசி போட்டா இன்னும் அதிகமாகும். ரிவர்ஸ் போடும்போது ஒரு "டொக்" சத்தமும் வந்தா சந்தேகமே வேணாம். இதுக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

"மலை ஏறுனா கெடுது, கீழ வந்தா சரியாகுது"

வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலை 70, நாலு பேரு லக்கேஜோட ஏசி போட்டு ஏறுனா டார்க் கன்வெர்ட்டர் லாக்கே ஆகாம முழு நேரமும் ஆயில கலக்கிட்டு இருக்கும், சூடு அங்க தான் பிறக்குது. சூடான ஆயில் நீர்த்துப் போகும், பிரஷர் குறையும், மாறுறது குழப்பமாகும். ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற ஏசி கன்டென்சர்ல தூசி இலை அடைச்சிருக்கான்னு பாருங்க, கூலன்ட் லெவல பாருங்க, அப்புறம் ஆயில். ஏறும்போது டி-லயே விடாம 2 இல்ல எல் போட்டு ஏறுங்க, கியர் மேல கீழ மாறிட்டே இருக்காது, இறங்கும்போது பிரேக்கும் மிச்சமாகும். அடிக்கடி மலைக்கு போறவங்க தனியா ஒரு ஆயில் கூலர் மாட்டுறது வீண் செலவு இல்ல.

"டிப்ஸ்டிக்ல ரோஸ்மில்க் கலர்ல இருக்கு"

வண்டிய அங்கேயே நிறுத்துங்க, ஓட்டி ஒர்க்‌ஷாப் போகாதீங்க, டோ பண்ணுங்க. ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. ரேடியேட்டருக்குள்ளயே இருக்குற ஏடிஎஃப் கூலர் ஓட்டையாகி கூலன்ட் உள்ள வந்திருக்கும், இல்லன்னா வண்டி வெள்ளத்துல நின்னிருக்கும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டு தடவையும் சென்னையில முங்குன வண்டி நிறைய வெளியூர் போய் வித்திருக்கு, அதனால செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் பாக்கும்போது சீட்டுக்கு அடியில சேறு இருக்கான்னு பாக்குறதோட இந்த டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்க. தண்ணி பட்டா கிளட்ச் லைனிங் ஒட்டியிருக்குற பசை விட்டுப்போகும். அதே நாள்ல கண்டுபிடிச்சு, கூலர மாத்தி, ஆயில திரும்பத் திரும்ப சுத்தமா வர்ற வரைக்கும் மாத்துனா பிழைக்க வாய்ப்பு இருக்கு, ஒரு வாரம் ஓட்டிட்டா ஓவர்ஹால் தான்.

"ஒரு குறையும் இல்ல, ஆனா சர்வீஸ் ஹிஸ்டரி இல்ல"

மாத்துங்க. பயப்படாம மாத்துங்க. வழுக்கல் இல்லாத, கருகுன வாடை இல்லாத வண்டிக்கு நிதானமா ஆயில் மாத்துறதால கெடுதல் வராது. ஆனா முறை முக்கியம்.

எப்படி மாத்துறது

மெஷின் வச்சு பிரஷர்ல ஃப்ளஷ் பண்றேன்னு சொன்னா லட்சம் கிமீ வண்டிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். வருஷக்கணக்கா ஓரத்துல படிஞ்ச அழுக்கு ஒரே நேரத்துல கிளம்பி வால்வு பாடிக்குள்ள சின்ன ஓட்டையில போய் உக்காரும் வாய்ப்ப நாம ஏன் குடுக்கணும். டிரெயின் பண்ணி ஊத்துற பழைய முறை தான் நல்லது. ஒரு தடவ டிரெயின் பண்ணா மொத்த ஆயிலும் வராது, பாதிக்கு மேல டார்க் கன்வெர்ட்டர்லயும் பைப்லயும் நின்னுடும். சிவிக்ல டிரெயின் பண்ணா சுமாரா 2.4 லிட்டர் தான் வரும். மொத்தம் 6 லிட்டர்னு வச்சுக்கிட்டா ஒரு தடவைக்கு 40 சதவீதம் புதுசு, ரெண்டாவது தடவைக்கு 64, மூணாவது தடவைக்கு 78. நடுவுல 500, 1000 கிமீ ஓட்டிட்டு மூணு தவணையா பண்ணுங்க, கியர்பாக்ஸுக்கும் அதிர்ச்சி இல்ல, ஒவ்வொரு தடவையும் வர்ற ஆயில பாத்து உள்ள என்ன நடக்குதுன்னும் தெரிஞ்சுக்கலாம்.

ஆயில் செலக்ஷன்ல சமரசமே வேணாம். சிவிக், சிட்டி 5 ஸ்பீடுக்கு முன்னாடி இசட்-1, இப்ப அதுக்கு பதிலா டிடபிள்யூ-1. ஹூண்டாய் பழைய 4 ஸ்பீடுக்கு எஸ்பி-3, 6 ஸ்பீடுக்கு எஸ்பி-4, ஒன்னுக்கு ஒன்னு மாத்த முடியாது. டொயோட்டால பழசுக்கு டி-4, அப்புறம் வந்ததுக்கு டபிள்யூஎஸ். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில் தான் சார்"னு பேரல்ல இருந்து ஊத்துற இடத்துல இருந்து வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. கம்பெனி பார்ட்ஸ் கவுன்டர்ல சீல் பிரிக்காத கேன் வாங்கி கையோட கொண்டு போங்க, போலி ஆயில் புழங்குற ஊர் இது.

வண்டிய பத்து நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, சமதளத்துல நாலு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுக்காதீங்க. ஊத்துற வழிய மொதல்ல திறந்து பாருங்க, அதுக்கு அப்புறம் தான் டிரெயின். ஊத்துற போல்ட் துரு பிடிச்சு திறக்கவே வரலன்னா, கீழ எல்லாத்தையும் வடிச்சுட்டு நடுத்தெருவுல நிக்க வேண்டியதாயிடும். ஹோண்டாவுல கீழ ரெண்டு போல்ட் இருக்கும், கவனம்: இன்ஜின் ஆயில் போல்ட் 17 எம்எம் ஆறுபக்க தலை, கியர்பாக்ஸ் போல்ட்ல நடுவுல சதுரமா ஒரு குழி, 3/8 இன்ச் ராட்செட் நுனி எந்த சாக்கெட்டும் இல்லாம நேரா அதுல போய் உக்காரும். இன்ஜின் ஆயில் மாத்த வந்தவரு இத கழட்டி கியர் ஆயில வடிச்சுட்டு இன்ஜின்ல கூடுதலா ஊத்துன கதை எல்லாம் உலகம் பூரா உண்டு.

அந்த போல்ட் நுனியில காந்தம் இருக்கும், அத துடைக்கிறதுக்கு முன்னாடி நிதானமா பாருங்க. சாம்பல் கலர்ல பசை மாதிரி மெல்லிசா ஒட்டியிருந்தா, விரல்ல தேய்ச்சா நெருநெருன்னு இல்லாம வழவழன்னு இருந்தா அது சாதாரண தேய்மானம், லட்சம் கிமீக்கு இருக்க வேண்டியது தான். முள்ளு முள்ளா, செதில் செதிலா, வெளிச்சத்துல மினுக்குற துண்டு இருந்தா பேரிங்கோ கியரோ அடி வாங்கியிருக்கு. டொயோட்டா மாதிரி பேன் (அடியில ஆயில் நிக்கிற தட்டு) இருக்குற கியர்பாக்ஸ்ல இந்த காந்தம் பேனுக்குள்ள இருக்கும், பேன இறக்கி ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாத்தலாம், ஹோண்டாவுல அந்த வேலை இல்ல, உள்ள இருக்குற சல்லடைய எடுக்கணும்னா கியர்பாக்ஸையே பிரிக்கணும்.

வடிஞ்ச ஆயில அளவு போட்ட பாத்திரத்துல ஊத்தி அளந்துக்கோங்க. முன்னாடி லெவல் சரியா இருந்ததுன்னா வந்த அளவே திரும்ப ஊத்துறது தான் கணக்கு. போல்ட்டுக்கு புது அலுமினிய வாஷர் போட்டு, ஹோண்டாவுல 49 நியூட்டன் மீட்டர் டைட், அதுக்கு மேல பலம் காட்டாதீங்க, கேஸிங் அலுமினியம், மரை போச்சுன்னா பெரிய வேலை. ஊத்துற போல்ட் வழியாவோ டிப்ஸ்டிக் ஓட்டை வழியாவோ நீள ஃபனல்ல மெல்ல ஊத்துங்க, அவசரப்பட்டா பொங்கி வெளிய வரும். ஸ்டார்ட் பண்ணி பிரேக்க மிதிச்சுட்டு பி, ஆர், என், டின்னு ஒவ்வொன்னுலயும் அஞ்சு செகண்ட் வச்சு திரும்ப வாங்க, சூடாக்கி உங்க மாடலுக்கு சொன்ன முறையில லெவல் பாருங்க.

மாத்துன அப்புறம் புதுசா ஏதாவது வந்தா

மொத 100, 200 கிமீ மாறுறது கொஞ்சம் வித்தியாசமா இருக்கலாம், பழகிடும். மாத்துன அன்னைக்கே வழுக்கலும் சத்தமும் வந்தா ஆயில சந்தேகப்படுறதுக்கு முன்னாடி லெவல திரும்ப பாருங்க. எங்க சித்தி பையன் வண்டில ஒரு ஒர்க்‌ஷாப்ல மாத்துன மறுநாளே கியர் முன்னுக்குப்பின் மாற ஆரம்பிச்சு, கியர்பாக்ஸ் போச்சுன்னு வீடே சோகமாயிடுச்சு, டிப்ஸ்டிக்க இழுத்துப் பாத்தா மேல் கோட்டுக்கும் மேல ரெண்டு விரக்கடை ஆயில், அதுவும் நுரை நுரையா. ஆயில் அதிகமானா உள்ள சுத்துற கியர் அத கடைஞ்சு நுரையாக்கிடும், நுரைக்கு பிரஷர் நிக்காது, கம்மியா இருந்தா என்ன கோளாறோ அதே கோளாறு வரும். டிப்ஸ்டிக் ஓட்டை வழியா மெல்லிசான டியூப் விட்டு சிரிஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுத்ததும் வண்டி பழைய நிலைக்கு வந்துடுச்சு.

மறுநாள் காலைல வண்டிக்கு அடியில ஒரு அட்டைய போட்டு சொட்டு இருக்கான்னு பாருங்க, 500 கிமீல லெவல இன்னொரு தடவ பாருங்க. வடிச்ச ஆயில சாக்கடையிலயோ செடிக்கோ ஊத்தாம, காலி கேன்ல அடைச்சு சர்வீஸ் சென்டர்ல யூஸ்டு ஆயில் டிரம் வச்சிருக்கவங்ககிட்ட குடுத்துடுங்க. குடுக்குறதுக்கு முன்னாடி அதுல ஒரு சின்ன கண்ணாடி பாட்டில் அளவு எடுத்து தேதியும் கிமீயும் எழுதி ஒட்டி வைங்க, அடுத்த தவணை வடிக்கிற ஆயில பக்கத்துல வச்சுப் பாத்தா மூணாவது தவணை தேவையா இல்லையான்னு அந்த ரெண்டு பாட்டிலே சொல்லிடும்.